இழுப்பும் இன்ஹேலரும்

ஜனவரி 4

இரவு இரண்டு மணி. ஆஸ்துமா இழுப்பு. பாப்பாவின் சட்டையைத் தூக்கி விலாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் எலும்புகளுக்கிடையே தோல் குழிந்தது. ஸ்பேசரில், அதாவது இன்ஹேலரைச் செருகும் பிளாஸ்டிக் குழாயில், நீல இன்ஹேலரை அடித்தேன். கொஞ்ச நேரத்தில் கீய் கீய் சத்தம் அடங்கி, "அம்மா, தண்ணி" என்றாள்.

ஜனவரி 6

கூடவே ப்யூடெசோனைட் என்ற ஸ்டீராய்டு இன்ஹேலரும் எழுதிக் கொடுத்தார் டாக்டர். காலையும் இரவும், இழுப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும். நீலத்திலுள்ள சால்ப்யூட்டமால் மூச்சுக்குழாய்த் தசையைத் தளர்த்தும், அவ்வளவுதான்; உள்வீக்கத்தைக் குறைப்பது இதுதானாம். "ஆறு வயசுப் பிள்ளைக்கு ஸ்டீராய்டா?" என்று அத்தை.

ஜனவரி 7

ஸ்டீராய்டு அடித்ததும் வாய் கொப்பளிக்க மறுக்கிறாள். விழுங்கிவிட்டுச் சிரிக்கிறாள்.

ஜனவரி 9

தூக்கமில்லை. ஸ்டீராய்டால் குள்ளமாகிவிடுவாளோ? தேடிப் படித்தேன். ஓர் ஆய்வு: அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆஸ்துமா உள்ள, 5 முதல் 12 வயது வரையான 1,041 குழந்தைகள். ஒரு பிரிவுக்கு ப்யூடெசோனைட், ஒன்றுக்கு நெடோக்ரோமில் என்ற ஸ்டீராய்டு அல்லாத மருந்து, மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று இன்ஹேலர். நான்கு முதல் ஆறு ஆண்டு பார்த்திருக்கிறார்கள். 2000இல் முடிவு வந்தது: ப்யூடெசோனைட் பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தது குறைவு, நீலத்தைத் தேடியதும் குறைவு. நெடோக்ரோமில் அந்த அளவுக்கு இல்லை. ஆனால் கடைசியில் நுரையீரல் திறன் மூன்று பிரிவிலும் கிட்டத்தட்ட ஒன்றே! அப்படியென்றால் இது நோயை மாற்றுவதில்லை, அடக்கி வைக்கிறது.

உயரம்? பெரியவர்களான பிறகும் அளந்திருக்கிறார்கள். சராசரியாக 1.2 செ.மீ. குறைவு. வருஷா வருஷம் கூடிக்கொண்டே போகவில்லை. சுண்டுவிரல் நகத்தின் அகலம்தான். திரும்பத் திரும்ப விரலைப் பார்க்கிறேன்.

ஜனவரி 11

"மாத்திரையா கேளேன்" என்றார் அத்தை. இழுப்புக்குக் கொடுக்கும் மாத்திரையான மாண்டெலுகாஸ்ட்டுக்கு மனநிலை மாற்றம் பற்றி 2020இல் அமெரிக்காவில் கடும் எச்சரிக்கை போட்டார்கள். வேண்டாம். இன்ஹேலரில் போவது மைக்ரோகிராம், ஸ்டீராய்டு மாத்திரையில் மில்லிகிராம் என்றேன். "எல்லாம் ஒண்ணுதான்" என்றார்.

ஜனவரி 12

எதிர்வீட்டுப் பையனுக்கு ஃப்ளூட்டிகாசோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டு இன்ஹேலர், 100 மைக்ரோகிராம். இவளுக்கு ப்யூடெசோனைட் 200. இரண்டு மடங்கா என்று பதறிப்போனேன். மருந்தே வேறு; அதில் 100-ம் இதில் 200-ம் வீரியத்தில் ஏறக்குறைய ஒன்றாம். டப்பாவில் உள்ள எண்ணை மட்டும் பார்க்கக் கூடாது.

ஜனவரி 13, போகி

விடிவதற்கு முன்பே தெருவில் டயர் நாற்றம். ஜன்னல் இடுக்கெல்லாம் ஈரத்துணி. இழுப்பு வந்தது, நீலத்திலேயே நின்றது. போன போகிக்கு எமர்ஜென்சி வார்டு. இது ப்யூடெசோனைட்டின் வேலையா, துணியின் வேலையா? ஒரே பிள்ளையை இரண்டு பிரிவாக்கிப் பார்க்க முடியாதே.

ஜனவரி 16

ஸ்பேசரை அத்தை முந்தானையால் பளபளவென்று துடைத்து வைத்திருக்கிறார். துடைத்தால் மின்னேற்றம் வந்து மருந்தெல்லாம் சுவரில் ஒட்டும். மறுபடி சோப்புத் தண்ணீரில் அலசி அப்படியே காயவைத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. பண்டிகை நாள்.

ஜனவரி 19

இருமல் இல்லாத இரவு. "நல்லாத்தானே இருக்கா, நிறுத்திடலாம்" என்கிறார் இவரும். மூன்று மாதம் அடங்கி இருந்தால் அளவைக் குறைப்பதைப் பற்றிப் பேசலாம் என்றுதான் டாக்டர் சொன்னார். நிறுத்துவதாகச் சொல்லவே இல்லை. சரி, காலை டோஸை நானே கொடுத்துவிட்டுக் கிளம்புகிறேன்.