நான்கு பயிற்சிகளும் ஓர் அளவு நாடாவும்

எங்கள் கிடங்கில் சரக்கு இறக்கும் பிரிவில் வேலை செய்யும் ஒருவருக்கு, 14 கிலோ எடையுள்ள அட்டைப்பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் திரும்பிய நொடியில் இடுப்புப் பிடித்துக்கொண்டது. பெட்டியைக் கீழே வைக்கவும் முடியாமல், நிமிரவும் முடியாமல் அவர் பாதி குனிந்தபடியே நின்றார். பக்கத்தில் இருந்தவர் ஓடிவந்து பெட்டியை வாங்கிக்கொண்ட பிறகும் அவரால் அசைய முடியவில்லை. அதே பெட்டியை அதே இடத்திலிருந்து அதற்கு முன் ஆயிரம் முறையாவது எடுத்திருப்பார். மூன்று வாரம் விடுப்பில் இருந்தார். அவர் திரும்பி வருவதற்குள், எல்லாப் பணியாளர்களும் பாரம் தூக்கும் முறை குறித்த இணையவழிப் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் பெற வேண்டும் என்று நிர்வாகம் முடிவு செய்துவிட்டது. எந்தப் பயிற்சி என்று தேர்ந்தெடுக்கும் பொறுப்பு, அந்தப் பிரிவின் மேற்பார்வையாளர் என்ற முறையில் என்னிடம் வந்தது.

ஒரு பிற்பகலில் முடிந்துவிடும் வேலை என்றுதான் நினைத்தேன். ஆறு வாரம் ஆனது.

இணையத்தில் தேடினால் இருபது நிமிடப் பயிற்சி முதல் அரைநாள் பயிற்சி வரை ஏராளமாகக் கிடைக்கின்றன. முழங்காலை மடக்கிப் பெட்டியைத் தூக்கும் ஒருவரின் படம் அநேகமாக எல்லாவற்றின் முகப்பிலும் இருக்கிறது. வாக்குறுதிகளும் ஒன்றுபோலவே இருக்கின்றன. வெளியிலிருந்து பார்த்து எதையும் பிரித்தறிய முடியவில்லை என்பதால், 38 பேருக்கு வாங்குவதற்கு முன் நானே நான்கு பயிற்சிகளை முழுமையாகச் செய்து பார்ப்பது என்று தீர்மானித்தேன்.

முதலாவது, படங்களும் வாசகங்களும் கொண்ட பக்கங்களை 'அடுத்து' என்ற பொத்தானை அழுத்தி நகர்த்திக்கொண்டே போகும் வகை. சோதிப்பதற்காகவே நான் எதையும் படிக்காமல் பொத்தானை அழுத்திக்கொண்டு போனேன். கடைசியில் பத்துக் கேள்விகள் வந்தன. கனமான பெட்டியைத் தூக்கும்போது எதை மடக்க வேண்டும் என்பது ஒரு கேள்வி. முதுகையா, முழங்காலையா, பெட்டியையா என்று மூன்று விடைகள் கொடுத்திருந்தார்கள். ஒன்பது கேள்விகளுக்குச் சரியாக விடையளித்துத் தேறினேன். உள்ளே நுழைந்த ஏழாவது நிமிடத்தில் என் பெயர் பொறித்த, பொன்னிற ஓரம் போட்ட சான்றிதழ் என் கைபேசிக்கு வந்துவிட்டது. நான் அதுவரை ஒரு பெட்டியைக்கூடத் தொட்டதில்லை என்று வைத்துக்கொண்டாலும் அந்தச் சான்றிதழ் வந்திருக்கும்.

இரண்டாவது பயிற்சி தமிழிலும் உண்டு என்பதால் அதில் எனக்கு நம்பிக்கை இருந்தது. எங்கள் ஆட்களில் பலருக்குத் தமிழ் மட்டுமே சரளமாகப் படிக்க வரும். ஆனால் அது இயந்திரத்தை வைத்து மொழிமாற்றியது என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. 'தூக்குதல்' என்று வர வேண்டிய இடங்களில் எல்லாம் 'மின்தூக்கி' என்று இருந்தது. 'மின்தூக்கிக்கு முன் சிந்தியுங்கள்' என்பது ஒரு தலைப்பு. 'கனமான பொருளுக்கு இருவர் மின்தூக்கி செய்க' என்பது இன்னொன்று. சிரித்து முடித்த பிறகுதான், மாடிப்படியே இல்லாத எங்கள் கிடங்கில் ஒருவர் இதைக் கைபேசியில் படித்து என்ன புரிந்துகொள்வார் என்ற கவலை வந்தது. மொழி சரியாக இருந்த பகுதிகளிலும்கூட 'கைமுறைக் கையாளுதல்' போன்ற சொற்களே நிறைந்திருந்தன. லோடு ஏற்றுவது, இறக்குவது, தூக்கிச் சுமப்பது, தள்ளுவது, இழுப்பது என்றுதான் எங்கள் ஆட்கள் சொல்வார்கள். தவறுகளைப் பட்டியலிட்டு அந்த நிறுவனத்துக்கு எழுதினேன்; அடுத்த பதிப்பில் பரிசீலிப்பதாகப் பதில் வந்தது.

மூன்றாவது நல்ல தயாரிப்புதான், ஆனால் பெரும்பகுதி சட்டம். முதலாளியின் கடமை, தொழிலாளியின் கடமை, எந்த ஆண்டில் எந்த ஒப்பந்தம் என்று விரிவாகச் சொன்னார்கள். மேலாளருக்குப் பயன்படும், பெட்டி தூக்குபவருக்கு அதில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. அதில் ஓரிடம் என்னை உறுத்தியது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் நிறைவேற்றிய அதிகபட்சச் சுமை குறித்த 127-ஆவது உடன்படிக்கையோடு சேர்ந்த பரிந்துரையில், வயதுவந்த ஆண் தொழிலாளி ஒருவர் சுமக்க அனுமதிக்கப்படும் எடை 55 கிலோவைத் தாண்டினால் அதைக் கூடிய விரைவில் குறைக்க வேண்டும் என்று இருக்கிறது. அந்தப் பயிற்சியோ '55 கிலோ' என்ற எண்ணை மட்டும் பெரிய எழுத்தில் காட்டிவிட்டு நகர்ந்துவிட்டது. எங்கள் ஆட்கள் அதைப் பார்த்தால் 55 கிலோ வரை தூக்கலாம் என்ற அனுமதியாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

இதற்கிடையில், இந்தப் பயிற்சிகளால் உண்மையில் பயன் உண்டா என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2011-இல் வெளியிட்ட மீளாய்வு ஒன்று, பாரம் தூக்கும் முறை பற்றிய அறிவுரையும் பயிற்சியும் முதுகுவலியைத் தடுக்கின்றன என்பதற்குக் கிடைத்த ஆய்வுகளில் சான்று இல்லை என்று முடிவு சொல்லியிருந்தது. அதை மேலாளரிடம் காட்டினேன். "அப்படியானால் பயிற்சியே வேண்டாம் என்கிறீர்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி, உடனே பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. சான்றிதழைக் கோப்பில் வைப்பதுதான் நோக்கமென்றால் முதல் பயிற்சியே போதும், அது மலிவும்கூட, என்று மட்டும் சொன்னேன். அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, இன்னும் இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

பதில் அளவு நாடாவிலிருந்து வந்தது. அமெரிக்காவின் பணிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1991-இல் திருத்தியமைத்த தூக்குதல் சமன்பாடு ஒன்று இருக்கிறது. மிகச் சாதகமான நிலையில் ஒருவர் தூக்கப் பரிந்துரைக்கப்படும் எடை 23 கிலோ என்று அது தொடங்குகிறது. பொருள் உடலிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, கை எந்த உயரத்தில் பிடிக்கிறது, எவ்வளவு உயரம் தூக்குகிறோம், உடலை எவ்வளவு திருப்புகிறோம், எத்தனை முறை தூக்குகிறோம், பிடிமானம் எப்படி என்று பார்த்து அந்த 23-ஐக் குறைத்துக்கொண்டே வருகிறது. இடுப்புப் பிடித்துக்கொண்ட அந்த இடத்துக்கே நாடாவோடு போனேன். பெட்டி, சரக்கு அடுக்கும் பலகைத் தட்டான பேலட்டின் அடி வரிசையில், தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் இருந்தது. பேலட்டின் நடுவில் இருக்கும் பெட்டியை எட்டிப் பிடிக்கும்போது கைக்கும் கணுக்காலுக்கும் இடையே கிடைமட்டமாக 50 செ.மீ. அதை 115 செ.மீ. உயரத்தில் உள்ள மேசையில் வைக்க வேண்டும்; எடுக்கும்போதே உடல் ஏறக்குறைய 45 பாகை திரும்பியிருக்கும்.

தூரத்துக்காக மட்டுமே 23 பாதியாகிறது. மற்ற மூன்றையும் பெருக்கினால் 7 கிலோவில் வந்து நிற்கிறது. எத்தனை முறை, பிடிமானம் எப்படி என்ற இரண்டையும் நான் சேர்க்கவே இல்லை. சேர்த்தால் இன்னும் குறையும். அதாவது எங்கள் ஆள் பரிந்துரைக்கப்பட்டதைப் போல இரண்டு மடங்கு சுமையை நாள் முழுவதும் தூக்கிக்கொண்டிருந்தார். அவர் முழங்காலை மடக்கினாரா இல்லையா என்று விசாரித்துக்கொண்டிருந்தோம்; நடுப்பெட்டியை எட்டிப் பிடிக்க வேண்டிய அந்த இடத்தில் முழங்காலை மடக்கினால் அது பேலட்டின் விளிம்பில் இடிக்கும் என்பதை ஒருவரும் பார்க்கவில்லை.

பிறகு, சேதமில்லாத நான்கு காலி பேலட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி அதன்மேல் சரக்குப் பேலட்டை வைத்தோம். பிடிக்கும் உயரம் 75 செ.மீ. ஆனது. சுவரை ஒட்டியிருந்த பேலட்டைச் சற்று நகர்த்தி எல்லாப் பக்கமும் நடந்துபோய் எடுக்க வழிவிட்டதும் தூரம் 30 செ.மீ.க்குக் குறைந்தது, உடலைத் திருப்பும் தேவையும் போய்விட்டது. அதே கணக்கை மறுபடி போட்டால் ஏறக்குறைய 18 கிலோ வருகிறது. பெட்டியின் எடை மாறவில்லை, ஆளும் மாறவில்லை.

அதன் பிறகு பயிற்சி நிறுவனங்களுக்கு நான் எழுதிய கேள்விகளே வேறாகிவிட்டன. எத்தனை நிமிடம், சான்றிதழ் எத்தனை ஆண்டு செல்லும் என்றெல்லாம் கேட்பதை விட்டுவிட்டு, எங்கள் வேலையிடத்தின் மூன்று படங்களை இணைத்து, இவற்றை உங்கள் பயிற்சியில் எப்படிச் சேர்ப்பீர்கள் என்று கேட்டேன். ஐந்து நிறுவனங்களுக்கு எழுதியதில் இரண்டு, விலைப்பட்டியலை மட்டும் அனுப்பின. ஒன்று, எங்கள் பயிற்சி எல்லாத் துறைக்கும் பொருந்தும் என்றது. ஒன்றிடமிருந்து பதிலே இல்லை. ஐந்தாவதிலிருந்து எனக்கே கேள்விகள் திரும்பி வந்தன: மூட்டையின் எடை என்ன, அதற்குக் கைப்பிடி உண்டா, தரை ஈரமாகுமா, டிராலி எத்தனை, ஏற்கெனவே முதுகுவலி உள்ளவர்கள் இருக்கிறார்களா. பணி, ஆள், சுமை, இடம் என்ற நான்கையும் பார்க்க வேண்டும் என்று இத்துறையில் சொல்வார்கள். அந்த ஒரு மடலில் நான்கும் இருந்தன. நான் செய்து பார்த்த நான்காவது பயிற்சி அவர்களுடையதுதான்.

அதிலும் பக்கங்களும் காணொளிகளும் உண்டு. ஆனால் காணொளியில் காலிப்பெட்டியைக் காலி அறையில் தூக்குவதில்லை. நெருக்கமான ரேக்குகளுக்கு இடையே, மூட்டையும் டிரம்மும் இருக்கிற இடத்தில் காட்டுகிறார்கள். தூக்குவதற்கு முன் இதைத் தூக்கத்தான் வேண்டுமா, உருட்டலாமா, தள்ளலாமா, பிரித்து எடுக்கலாமா என்ற கேள்வி ஒவ்வொரு காட்சியிலும் வருகிறது. 20 கிலோவை உடலோடு அணைத்துப் பிடிப்பதற்கும் கையை நீட்டிப் பிடிப்பதற்கும் உள்ள வேறுபாட்டுக்கு ஓர் ஆய்வையே காட்டினார்கள்: 1999-இல் வெளியான அந்த ஆய்வில், ஒரு தன்னார்வலரின் முதுகெலும்பு வட்டுக்குள் (டிஸ்க்) அழுத்தமானியைப் பொருத்தி அளந்தபோது, சும்மா நிற்கையில் 0.5 மெகாபாஸ்கலாக இருந்த அழுத்தம், சுமையை அணைத்துப் பிடிக்கையில் 1.1 ஆகவும், மார்பிலிருந்து 60 செ.மீ. தள்ளிப் பிடிக்கையில் 1.8 ஆகவும் ஏறியிருக்கிறது. ஒரே ஒருவரிடம் எடுத்த அளவு என்பதையும் அவர்களே சொன்னார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. இடுப்புப் பட்டை பற்றியும் ஒளிக்காமல், காயமில்லாத தொழிலாளர்களுக்கு அது பாதுகாப்புத் தரும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று நியோஷ் 1994-இல் சொன்னதை எடுத்துக்காட்டினார்கள். அதுவரை எங்கள் கொள்முதல் பட்டியலில் 38 பட்டைகள் இருந்தன, அடித்துவிட்டோம்.

இறுதியில் ஒவ்வொருவரும் தம் இடத்தில் தாம் வழக்கமாகத் தூக்கும் பொருளைத் தூக்குவதைப் படம்பிடித்து அனுப்ப வேண்டும். பயிற்றுநர் அதைப் பார்த்துவிட்டு நேரலையில் பேசுவார். கட்டணம் மற்றவற்றைவிட அதிகம். எனவே முழுப் பயிற்சியை எட்டுப் பிரிவுத் தலைவர்களுக்கு மட்டும் வாங்கி, மற்றவர்களுக்குச் சுருக்கமான பகுதியையும், பிரிவுத் தலைவர்கள் கிடங்கிலேயே நடத்தும் செய்முறைப் பயிற்சியையும் வைத்தோம். பணி நேரத்திலேயே பார்க்க வேண்டும், வீட்டில் போய்ப் பார்த்து வரச் சொல்லக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன்.

செய்முறை நாளில் எங்கள் மூத்த தொழிலாளி ஒருவர், "முப்பது வருஷமா மூட்டை தூக்குறேன் தம்பி, எனக்குப் படம் போட்டுக் காட்டப்போறியா?" என்றார். மறுத்துப் பேசாமல், நீங்களே ஒரு பெட்டியை எடுத்துக் காட்டுங்கள் அண்ணே என்றேன். அவர் பெட்டிக்கு நேராக நின்று, ஒரு மூலையை மட்டும் மெல்லச் சாய்த்து எடையைப் பார்த்தார். பிறகு அதைத் தன் பக்கம் இழுத்து, வயிற்றோடு அணைத்துக்கொண்டு, இடுப்பைத் திருப்பாமல் காலை எடுத்துவைத்துத் திரும்பினார். பயிற்சியில் இருந்த அத்தனையும் அதில் இருந்தது. அதைப் படம்பிடித்து வைத்திருக்கிறேன். புதிதாகச் சேர்பவர்களுக்கு வாங்கிய காணொளிக்கு முன்பாக அதைத்தான் காட்டுகிறோம். அவருக்கும் வராத ஒன்று, முடியாது என்று சொல்வது. கனமான டிரம்மைத் தனியாளாகத் தூக்கியே தீருவேன் என்பார்.

இதனால் காயங்கள் குறைந்துவிட்டனவா என்று கேட்கிறார்கள். ஓராண்டு கணக்கை வைத்து அப்படிச் சொல்ல நான் தயாரில்லை. அடி வரிசையிலிருந்து எடுக்கும் வேலை ஏறக்குறைய இல்லாமல் போயிருக்கிறது. இடுப்பு வலிக்கிறது என்று முதல் நாளே வந்து சொல்பவர்கள் கூடியிருக்கிறார்கள். முன்பு மூன்றாம் நாள் விடுப்புக் கடிதத்தில்தான் தெரியும்.

தீராமல் இருப்பது 25 கிலோ மூட்டைகள். கைப்பிடி இல்லாத, நடுவில் தொய்யும் மூட்டைகள் அவை. இப்போதைக்கு இருவராகத் தூக்குகிறோம். இருவர் சேர்ந்தால் திறன் இரட்டிப்பாகாது, தனித்தனித் திறனின் கூட்டுத்தொகையில் மூன்றில் இரண்டு பங்குதான் என்று பயிற்சியில் படித்ததை மனதில் வைத்து, அவற்றையும் இடுப்பளவு உயரத்தில் மட்டுமே கையாள்கிறோம். 12 அல்லது 15 கிலோவாகக் கட்டித் தர முடியுமா என்று சரக்கு அனுப்புபவர்களுக்கு மூன்று முறை எழுதியாயிற்று. நான்காவது மடலோடு அந்த அளவுக் கணக்கையும் இணைத்து அனுப்பியிருக்கிறேன்.