பியானோவுக்குள் எரிந்த மின்குமிழ்

மாரி தொடங்கியதும் நம் பள்ளிக்கூடத்துப் பியானோவின் கீழ்ப்பலகையைக் கழற்றி, உள்ளே சின்ன மின்குமிழ் ஒன்றை எரியவிடுவார்கள். ஈரம் ஏறினால் மரம் ஊதிவிடும். அழுத்திய கட்டை மேலே வராது. ஐப்பசி, கார்த்திகை முழுவதும் முழங்காலில் அந்த இளஞ்சூடு பட வாசித்தவர்கள் இந்த மலரைப் படிப்பவர்களில் இன்னும் சிலராவது இருப்பார்கள்.

நான் பியானோ மிஸ்ஸிடம் சேர்ந்தது 1974இல். முதல் நாள், வெள்ளைக் கட்டைகள் மட்டுமே வரும் சி மேஜர் ஸ்கேல்தான் சொல்லித் தருவார் என்று நினைத்துப் போனேன். மிஸ் என் வலக்கையைப் பிடித்து, பெருவிரலை ஈ கட்டையிலும், நடு மூன்று விரல்களைக் கறுப்புக் கட்டைகளிலும், சின்னவிரலை பி கட்டையிலும் வைத்தார். நீள விரல்கள் உயர்ந்த கட்டையில், குட்டை விரல்கள் தாழ்ந்த கட்டையில். கை தானாக வளைந்து உட்கார்ந்துகொண்டது. பியானோவுக்கென்றே இசை எழுதிய ஷோபான் தன் மாணவர்களுக்குக் காட்டிய இருப்பு இது. சி மேஜர் படிக்கத்தான் சுலபம், வாசிக்க அதுதான் கடினம் என்று அதை அவர் கடைசிக்கு வைத்துவிடுவாராம்.

அப்புறம் செர்னி. பீத்தோவனிடம் படித்தவர், பியானோ மேதை லிஸ்ட்டுக்குப் படிப்பித்தவர். அவருடைய ஓபஸ் 299 என்ற தொகுப்பில் நாற்பது பயிற்சிகள், எல்லாம் விரல் ஓட்டத்துக்கு. அவற்றில் பாதியையாவது நான் வாசித்திருப்பேன். பக்கத்து அறையில் சங்கீத ரீச்சரின் பிள்ளைகள் சரளி வரிசை பாடுவார்கள். எனக்கு இரண்டும் ஒன்றுபோலவே கேட்கும். ஒருநாள் அங்கே வர்ணம் தொடங்கியபோது மிஸ் என் கையை நிறுத்தினார்.

“இது பயிற்சியோ, கச்சேரியில பாடுறதோ?”

“ரெண்டும்தான் மிஸ்.”

“அப்ப எட்யூட் என்றால் என்னவென்று உனக்குத் தெரியும் பிள்ளை.”

எந்த இசைப் புத்தகத்திலும் இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் கண்டதில்லை. ஷோபான் ஓபஸ் 10இன் பன்னிரண்டு எட்யூட்களை லிஸ்ட்டுக்குச் சமர்ப்பித்து 1833இல் வெளியிட்டபோது அவருக்கு வயது 23. இரண்டாவது எட்யூடில் வலக்கையின் கடைசி மூன்று விரல்கள்தான் கறுப்பும் வெள்ளையுமாக அரை அரைச் சுரமாக ஓடவேண்டும். விரல்களிலேயே பலம் குறைந்தவை அவை. விரல்கள் எல்லாவற்றையும் ஒரே பலத்துக்குக் கொண்டுவருவதுதான் அன்றைய பயிற்சிகளின் நோக்கம். ஷோபானோ ஒவ்வொரு விரலுக்கும் உள்ள தனிக் குணத்தைக் கெடுக்கக்கூடாது என்றார். பலமில்லாத விரலுக்கும் ஒரு குரல் உண்டு.

ஏஎல் (உயர்தரம்) படித்த வருடம் எனக்குக் கிடைத்தது அதே ஓபஸ் 10இன் மூன்றாவது எட்யூட், ஈ மேஜர். மெதுவாகப் பாடும் உருப்படி. இதில் என்ன பயிற்சி இருக்கிறது என்று கேட்டேன். மிஸ் சிரித்தார். ஒரே வலக்கையில் மேலே நாலாம், ஐந்தாம் விரல்கள் பாட்டைப் பிடிக்கவேண்டும். கீழே பெருவிரலும் சுட்டுவிரலும் ஓயாமல் அசைந்துகொண்டிருக்கவேண்டும். பெருவிரலுக்குப் பலம் அதிகம். சும்மா விட்டால் அது பாட்டை மூடிவிடும். பெருவிரல் கட்டையைத் தொட்டுக்கொண்டே ஒலியெழுப்பாமல் இருக்க, மேல் விரல்கள் மட்டும் வாசிக்கும்படி மூன்று கிழமை பழக்கினார். பிறகு ஒலியைத் திரும்ப விட்டார், கொஞ்சம் கொஞ்சமாக. “மேல பாடட்டும். கீழ மூச்சு விட்டாப் போதும்.” என் புத்தகத்தில் பென்சிலால் அவர் எழுதியது ஒரே சொல்: பாடு. எட்டு இடத்தில் எழுதியிருக்கிறார். லண்டனில் என் அலுமாரியில் அந்தப் புத்தகம் இன்னும் இருக்கிறது.

நடுப்பகுதியில் இரண்டு கைகளும் சோடிச் சுரங்களாகப் பாய்கிற இடம் எனக்குக் கடைசிவரை சரியாக வரவில்லை. ஆனால் அதைத் தாண்டி முதல் மெட்டு மெல்லத் திரும்பி வருகிறதே, அந்த இடம் ஒருநாள் வந்தது. டிசம்பர் லீவுக்கு முந்தின வெள்ளிக்கிழமை. வெளியே மழை. கடைசிச் சுரத்தை விட்டுக் கையை எடுத்தபோதுதான் பக்கத்து அறையில் சுருதிப்பெட்டி நின்றிருந்ததைக் கவனித்தேன். சங்கீத ரீச்சர் வாசலில் நின்றார், பின்னால் அவருடைய பிள்ளைகள்.

“இன்னொருக்கா வாசி பிள்ளை,” என்றார்.

மிஸ் ஒன்றும் சொல்லவில்லை. புத்தகத்தை முதல் பக்கத்துக்குத் திருப்பி வைத்தார்.