பேரீச்சையும் சாக்லேட்டும்: மூன்றாவது முறை கைகூடியது

எதிர்வீட்டு அக்கா ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் தட்டு நிறைய கேக்கும் அச்சு முறுக்கும் கொடுத்தனுப்புவார். வெறும் தட்டைத் திருப்பக் கூடாது என்று இதுவரை சர்க்கரை வைத்துக் கொடுத்துவந்தேன். இந்த அரையாண்டு விடுமுறையில் பிள்ளைகள் கையால் செய்த பண்டம் ஒன்றை அதில் வைக்க ஆசைப்பட்டேன். வீட்டில் ஓவன் கிடையாது. அதனால் பேரீச்சம்பழத்துக்குள் நிலக்கடலை வைத்துச் சாக்லேட்டில் முக்கி எடுப்பது என்று முடிவாயிற்று.

சனிக்கிழமை முதல் முயற்சி. வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணம் வைத்து டார்க் சாக்லேட்டை உருக்கினேன். கழுவிய கரண்டியைத் துடைக்காமல் போட்டுக் கிளறியதில் சாக்லேட் மணல் மணலாகத் திரண்டுவிட்டது. சில துளித் தண்ணீர் போதும்: சர்க்கரையும் கோகோத் தூளும் அந்த ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. சூடான பாலைத் தாராளமாக ஊற்றியதும் இளகியது. அன்று மாலை எல்லோருக்கும் சாக்லேட் பால்.

ஞாயிற்றுக்கிழமை ஈரம் படாமல் உருக்கி, முக்கி, குளிர்பதனப் பெட்டியில் வைத்தோம். மறுநாள் காலை மேலெல்லாம் சாம்பல் நிறக் கோடுகள். சின்னவன் முகம் வாடிவிட்டது. கோகோ வெண்ணெய் உள்ள சாக்லேட்டை 45 டிகிரி வரை உருக்கி, 28 வரை ஆறவிட்டு, மீண்டும் 31 டிகிரிக்குக் கொண்டுவந்தால்தான் பளபளப்பாக இறுகும். வெப்பமானி வைத்துக்கொண்டு ஏழு வயதுப் பிள்ளையைக் காக்கவைக்க எனக்கு மனமில்லை. ருசியில் குறையில்லாததால் அவற்றை நாங்களே தின்று தீர்த்தோம்.

செவ்வாய்க்கிழமை காம்பவுண்ட் சாக்லேட் வாங்கினேன். கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு சேர்த்தது என்பதால் இந்தப் பக்குவமெல்லாம் அதற்குத் தேவையில்லை. சுவை ஒரு படி குறைவுதான். ஆனாலும் பிள்ளைகளோடு செய்வதற்கு இதுவே சரி என்று உறுதியாகச் சொல்வேன். 200 கிராமுக்கு ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய் விட்டேன், மேல்பூச்சு மெல்லியதாக விழுந்தது. அதற்கு மேல் விட்டால் நம் ஊர் வெயிலில் கையில் ஒட்டும்.

அடுப்பு என் பொறுப்பு. மற்றதை முழுக்க அவர்களிடம் விட்டேன். மூத்தவள் 25 பழங்களையும் கீறிக் கொட்டை எடுத்தாள். சின்னவன் வறுத்த கடலையைத் தோல் புடைத்து, உரலில் ஒன்றிரண்டாக இடித்து உள்ளே அடைத்தான். எதிர்வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது, முழுக் கடலை தொண்டையில் சிக்கிவிடும். பழங்களை முன்கூட்டியே குளிரவைக்கவில்லை. ஞாயிறன்று அப்படிச் செய்ததில் சில பழங்களின் மேல்பூச்சு வெடித்திருந்தது.

முள்கரண்டியில் ஏந்தி முக்கி, கிண்ண விளிம்பில் ஒருமுறை தட்டி, வெண்ணெய்த் தாளில் வைக்கச் சொல்லிக் கொடுத்தேன். முதல் ஐந்தின் அடியில் சாக்லேட் குளம்போலத் தேங்கியது. சரிசெய்யப் போன என் கையை மூத்தவள் மெல்ல விலக்கிவிட்டாள். அவள் செய்தது நியாயம். பத்தாவது பழத்திலிருந்து இருவரும் என்னைவிட நேர்த்தியாக வைத்தார்கள். ஈரம் காய்வதற்குள் சின்னவன் வறுத்த எள்ளைத் தூவினான். அது அவனுக்கே தோன்றியது, நிலக்கடலையோடு அருமையாகச் சேர்ந்தது.

பெட்டிக்குள் கால் மணி நேரம் வைத்ததிலேயே இறுகிவிட்டது. மூடிய டப்பாவில் வைத்து, வெளியே எடுத்ததும் திறக்காமல் சற்று நேரம் விட்டால் மேலே நீர் முத்து முத்தாகப் பூப்பதில்லை.

எண்ணிப் பார்த்தபோது 22 இருந்தன. மூன்று எங்கே என்று நான் கேட்கவில்லை. அக்காவின் தட்டுக்குப் பன்னிரண்டை எடுத்து வைத்திருக்கிறோம், எள் தூவியவை மட்டும்.