பறக்காத பூநாரைகள்

ஜனவரி 17
வேதாரண்யம் தாண்டியதும் காற்றில் உப்பு ஏறிவிடுகிறது. முதலில் உப்பளங்கள், பிறகு கோடியக்கரைக் காடு: உயரமில்லாத, முள் செறிந்த, வறண்டும் பச்சை மாறாத காடு. பாலை மரங்களே அதிகம். 2018இல் வந்த கஜா புயல் இந்த வட்டாரத்தைப் புரட்டிப்போட்டது. சாய்ந்த மரங்களைப் பார்த்தால் அந்த நினைவுதான் வருகிறது. வடக்கிலிருந்து இறங்கிவரும் கடற்கரை இங்கே சட்டென்று மேற்கே மடங்குகிறது. ஒருபுறம் வங்காள விரிகுடா, மறுபுறம் பாக் நீரிணை. மாலை வெளிச்சத்தை மேகம் விழுங்கிவிட்டது. படம் ஒன்றும் இல்லை.

ஜனவரி 18
விடியலில் புல்வெளி. வெளிமான் கிடாவின் முதுகு ஏறக்குறையக் கறுப்பு, வயிறு தூய வெள்ளை. கேமராவின் ஒளி அளவீடு இரண்டுக்கும் நடுவே திணறுகிறது. வெள்ளை வெளுத்துப்போகாமல் பார்த்துக்கொண்டு, கறுப்பைக் கறுப்பாகவே விட்டுவிட்டேன். பக்கவாட்டு வெயில் ஏற ஏற முதுகு ரோமம் தானாகத் தெரிந்தது. அதே புல்லை மட்டக்குதிரைகளும் மேய்கின்றன. இரண்டுக்கும் பொது எதிரி சீமைக்கருவேல். திறந்த வெளியை ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வருகிறது.

வெயில் ஏறியதும் கானல் கிளம்பிவிட்டது. எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸானாலும் கானலுக்கு முன் ஒன்றும் செய்ய முடியாது. மூட்டை கட்டினேன்.

ஜனவரி 19
இன்று சதுப்பு நிலம், பூநாரைகள். தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து அலகை நீரில் அமிழ்த்தி, நாக்கைப் பம்பு போல இயக்கிச் சேற்று நீரை வடிகட்டித் தின்கின்றன. சில பறவைகள் காலால் மிதித்துச் சேற்றைக் கிளப்பியபடி வட்டமாகச் சுற்றும். அந்தச் சுற்றலுக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

உடன் வந்த வேட்டைத் தடுப்புக் காவலர் கை காட்டி நிறுத்தினார். "கழுத்தைத் தூக்கிவிட்டது பாருங்கள், சார். இனி ஓரடி வைத்தாலும் விலகி நடக்கும், அப்புறம் பறந்துவிடும்." அங்கேயே உட்கார்ந்துவிட்டோம். வெகுநேரம் கழித்து ஒவ்வொரு தலையாக இறங்கியது. தொலைவில்தான், ஆனால் சுற்றல் கிடைத்தது.

அதற்குள் சற்றுத் தள்ளி நின்ற இருவர் கை தட்டினார்கள். கூட்டம் முழுவதும் எழுந்தது. இறக்கை விரிய, சிவப்பும் கறுப்பும் வானில் பரவியது. அழகுதான், என் விரலும் துடித்தது. ஆனால் அது நீரில் ஓடி ஓடித்தான் எழும்பக்கூடிய பெரிய பறவை. வடிகட்டிச் சேர்த்த தீனியை ஒரு கைதட்டலுக்காகச் செலவழிக்க வைப்பதற்கு என்ன பெயர்? திருட்டு என்றே எனக்குத் தோன்றுகிறது. காவலர் போய்ப் பேசினார், குரல்கள் உயர்ந்தன. பறக்கும் பூநாரைக் கூட்டத்தின் படத்தைக் காட்டுபவர்களிடம் இனி, அவை ஏன் எழுந்தன என்று கேட்கப்போகிறேன்.

ஜனவரி 20
பலத்த காற்று. லென்ஸில் உப்புப் படலம். உலர்துணியால் தேய்த்தால் கண்ணாடி கீறும். முதலில் ஊதி, பிறகு ஈரத்துணி. பகல் முழுவதும் அதே வேலை.

ஜனவரி 21
கடலோரம், மணலில் குப்புறப் படுத்துக்கொண்டேன். அடும்பங்கொடிக்கு அப்பால் கொசு உள்ளான்கள் அலையைத் துரத்துவதும் அலைக்குத் தப்பி ஓடுவதுமாக இருந்தன. ஆர்க்டிக் தூந்திரத்தில் குஞ்சு பொரித்துவிட்டு வந்தவை. எடை முப்பது கிராமுக்கு முன்பின். ஒன்றின் காலில் வளையம். இங்கே பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பறவைகளுக்கு வளையமிட்டு வந்திருக்கிறார்கள். வளையத்தில் உள்ள அடையாள எழுத்து தெளிவாக விழுந்தால் அந்தப் படம் ஒரு தகவலாகிவிடும்.

அறைக்கு வந்து பெரிதாக்கினேன். எழுத்து பாதி திரும்பியிருக்கிறது. பத்தடி நெருங்கியிருந்தால் படித்திருக்கலாம், பறவை நின்றிருந்தால். காவலரிடம் காட்டினேன். "நீங்கள் படுத்தே கிடங்கள், சார். அதுவாகக் கிட்டே வரும்" என்றார். அலாரத்தை நான்கரைக்கு வைத்திருக்கிறேன்.