ஹெலிகாப்டர் மாதிரியில் ரிவெட் வரிசைகள்

காவிரிப் படுகையில் பிளாஸ்டிக் விமான மாதிரி கட்டுபவருக்குப் பருவம் பார்த்தே வேலையைப் பிரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காற்று ஈரமேறிக் கிடப்பதால், லாக்கர் வண்ணத்தைத் தெளித்த மாத்திரத்தில் மேற்பரப்பு வெளிறிப்போகும். தை, மாசியில் வானம் தெளிந்துவிட்டாலும், சம்பா அறுவடை இயந்திரங்கள் கிளப்பும் தூசு ஜன்னலை அடைத்த பிறகும் உள்ளே வந்து காயாத வண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே கும்பகோணத்தில் இருக்கும் நான் வண்ணவேலையைப் பங்குனிக்குத் தள்ளிவிட்டு, மழைக்காலத்தை ரிவெட், அதாவது தகடுகளைப் பிணைக்கும் ஆணித்தலைகள், பதிப்பதற்கு ஒதுக்கிவிடுகிறேன். இப்போது மேசையில் இருப்பது இந்தியக் கடற்படையின் சீ கிங் மார்க் 42 ஹெலிகாப்டர், 1/48 அளவில் (நிஜத்தில் 48-இல் ஒரு பங்கு).

போர் விமான மாதிரிகளில் பழகிய கை, ஹெலிகாப்டருக்கு வந்ததும் ஒரு பழக்கத்தை விட்டுவிட வேண்டும். வேகமாகப் பறக்கும் விமானத்தில் தகட்டின் மேல் துருத்தி நிற்கும் ஒவ்வொரு தலையும் காற்றைத் தடுக்கும் என்பதால், அங்கே ரிவெட்டின் தலை தகட்டோடு சமமாக அமுக்கப்பட்டிருக்கும். மாதிரியிலும் அது சிறு குழிப்புள்ளியாகவே காட்டப்படுகிறது. ஹெலிகாப்டருக்கு அந்த வேகம் இல்லை. தலை துருத்திய ரிவெட்டை அடிப்பது எளிது, தகட்டில் பள்ளம் சீவ வேண்டியதில்லை, இணைப்பும் வலுவாக நிற்கும் என்பதால் பல ஹெலிகாப்டர்களில் தாராளமாக அதையே பயன்படுத்தினார்கள். சீ கிங் இதற்கு நல்ல சான்று. அதன் படகு போன்ற வயிற்றிலும் பக்கவாட்டிலும் வாலிலும் புடைத்த தலைகள் வரிசை வரிசையாக நிற்கும். அப்படிப்பட்ட உடலில் குழிகளைப் பதித்துவைப்பது எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் தவறான தகவல்தான்.

எல்லா ஹெலிகாப்டருக்கும் இதே விதி பொருந்திவிடாது. சீ கிங்கின் மூலமான சிகோர்ஸ்கி எஸ்-61-உம், நம் படைகளின் சேத்தக் ஹெலிகாப்டருக்கு மூலமான அலூயெத் 3-உம் 1959-இல் சில நாள் இடைவெளியில் முதன்முதலாகப் பறந்தவை. ஆனால் சேத்தக்கின் முன்பகுதியில் கண்ணாடியே பெரும்பங்கு. ரிவெட் வேலை பெரும்பாலும் வாலில்தான் இருக்கிறது. சீட்டா ஹெலிகாப்டரின் வால் வெறும் குழாய்ச் சட்டகம். அங்கே ரிவெட் பதிக்கத் தகடே கிடையாது. 1992-இல் முதலில் பறந்த துருவ் ஹெலிகாப்டரின் மேற்பரப்பில் பெரும்பகுதி கூட்டிழைப் பொருளால் (காம்போசிட்) ஆனது, அதன் வழவழப்பைக் கெடுக்காமல் விடுவதே சரி. கருவியை எடுக்கும் முன் ஒளிப்படங்களை எடுக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

படத்தில் பார்க்க வேண்டியது தனித்தனி ரிவெட்டை அல்ல, வரிசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை. ஒவ்வொரு வரிசைக்கும் பின்னால் ஒரு குறுக்குச் சட்டமோ நெடுக்குச் சட்டமோ இருக்கிறது. தகடு அதன்மேல்தான் தைக்கப்பட்டிருக்கிறது. இரண்டு தகடுகள் மேவும் இடத்தில் வரிசை இரட்டையாகும். பராமரிப்புக்காகத் திறக்கும் மூடிகளில் ரிவெட் இராது. திருகுகளோ கால் சுற்றில் திறக்கும் பூட்டுகளோ இருக்கும், அவை பெரியவை, இடைவெளியும் அதிகம். இந்த அமைப்பு புரிந்துவிட்டால், படத்தில் மறைந்திருக்கும் பகுதியைக்கூட ஓரளவு நியாயமாக ஊகித்துவிடலாம். நான் முதலில் சாம்பல் நிறப் பிரைமரின் (அடிப்பூச்சின்) மேல் எல்லா வரிசைகளையும் பென்சிலால் கோடிட்டுவிட்டு, மறுநாள் காலை வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்த பிறகே அடுத்த வேலைக்குப் போகிறேன்.

அளவுக் கணக்கு கொஞ்சம் சங்கடமானது. வானூர்தித் தகடுகளில் பரவலாகக் காணப்படும் எட்டில் ஒரு அங்குல ரிவெட்டின் புடைத்த தலை சுமார் 6.4 மி.மீ. அகலம். 1/48-இல் அது 0.13 மி.மீ., 1/72-இல் 0.09 மி.மீ. ஓரடித் தொலைவில் கண் பிரித்தறியக்கூடிய எல்லையே ஏறத்தாழ 0.1 மி.மீ. தான். ஒரு ரிவெட்டுக்கும் அடுத்ததற்கும் 20 மி.மீ. இடைவெளி என்று வைத்துக்கொண்டால், 1/48-இல் அது 0.4 மி.மீ. ஆகிறது, கடையில் கிடைக்கும், புள்ளி வரிசை பதிக்கும் 0.65 மி.மீ. பல் இடைவெளியுள்ள சிறு பற்சக்கரத்தை உருட்டினால் நிஜத்தில் 31 மி.மீ. இடைவெளிக்கு ஈடாகிவிடும். எண்ணிக்கையில் துல்லியம் பேசுபவர்களோடு நான் வாதம் செய்வதில்லை. ஆனால் பார்ப்பவரின் கண்ணில் விழுவது கோட்டின் நேர்மையும் இடைவெளியின் சீர்மையும்தான், எண்ணிக்கை அல்ல. ஒரு வரிசை அரை மில்லிமீட்டர் வளைந்தால் அறையின் மறுகோடியிலிருந்தே தெரியும். வரிசையில் பத்து ரிவெட் குறைந்தால் அதைக் கட்டியவருக்கே தெரியாது. 1/72 அளவில் வரிசைகளில் பாதியை விட்டுவிடுவதே அழகு என்பது என் கருத்து.

புடைத்த தலைகளை உண்டாக்க மூன்று வழிகள் எனக்குப் பழக்கம். முதலாவது, ஆர்ச்சர் நிறுவனம் பரவலாக்கிய முறை: டெக்கால் எனும் மெல்லிய ஒட்டுப்படலத்தின் மேல் நுண்ணிய ரெசின் புள்ளிகள் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும், மெல்லிய கீற்றாக வெட்டி, நீரில் நனைத்து, பென்சில் கோட்டின் மேல் நகர்த்தி வைத்து, படியவைக்கும் திரவத்தைத் தடவ வேண்டும். அடைமழை நாளில் இது காய ஓர் இரவு முழுதும் ஆகும். அவசரப்பட்டு விரல் வைத்தால் வரிசை முழுவதும் நகர்ந்துவிடும். காய்ந்ததும் மெல்லிய பிரைமர் பூச்சில் படலத்தின் விளிம்பு மறைந்துவிடுகிறது. நீண்ட வரிசைகளுக்கு இதைவிடச் சிறந்தது இல்லை. விலைதான் கையைக் கடிக்கிறது. இரண்டாவது, வெள்ளைப் பசையை ஊசிமுனையால் தொட்டுத்தொட்டு வைப்பது; தஞ்சாவூர் ஓவியத்தில் தங்கத்தாளுக்கு அடியில் சுண்ணக் கலவையைப் புள்ளிகளாக எழுப்புவதைப் போன்றது. குறுகிய இடங்களுக்கு இது போதும், நீண்ட வரிசையில் புள்ளிகளின் பருமன் மாறிவிடும். மூன்றாவது, குளிர்சாதனக் குழாய் வேலைக்கு விற்கும் அலுமினிய ஒட்டுநாடாவைத் தகட்டின் வடிவத்தில் வெட்டி, பின்புறத்துக் காகிதத்தோடு சேர்த்தே பற்சக்கரத்தை உருட்டி, பிறகு உரித்து ஒட்டுவது. முன்புறம் புள்ளிகள் எழுந்து நிற்பதோடு, ரிவெட்டுகளுக்கு இடையே தகடு இலேசாக அலைபாய்வதும் தானாகவே கிடைத்துவிடுகிறது. எனக்கு இதுதான் பிடித்தமான வழி.

எந்த வழியானாலும் உடலின் இரு பாதிகளையும் ஒட்டி, இணைப்பை உப்புத்தாளால் தேய்த்து முடித்த பிறகே இந்த வேலையைத் தொடங்க வேண்டும். பழைய மாதிரிப் பெட்டிகளின் பாகங்களில் அச்சிலேயே வந்திருக்கும் புடைப்புகள் முதுகுக்கோட்டில் தேய்ந்து போவது தவிர்க்க முடியாதது.

மூடிகளின் பூட்டுகளுக்கு வட்டக்குறி வேண்டும். சாரங்கபாணி கோயிலுக்கு அருகே பட்டறை வைத்திருக்கும் பத்தர் ஒருவரிடம், கல் பதிக்கும்போது உலோகத்தை மணியாக உருட்டி அழுத்தும் குழிமுனைக் கருவிகளைப் பார்த்தேன். பிளாஸ்டிக்கில் இது வேலை செய்யுமா என்று கேட்டதற்கு, "இது தங்கத்தையே மடக்குது தம்பி, உங்க பிளாஸ்டிக் இதைத் தாங்குமான்னு கேளுங்க" என்றார். மெதுவாக அழுத்தி இலேசாகத் திருப்பினால் போதும். நடுவில் சிறு மேடுடன் சுத்தமான வளையம் விழுகிறது. குழிப்புள்ளி வேண்டிய இடத்தில் பற்சக்கரத்தை இரும்புப் பட்டையின் ஓரமாக உருட்டிவிட்டு, விளிம்பில் எழும் பிசிறை 2000 எண் நீர்த்தாளால் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளால்) தேய்த்துவிட வேண்டும். தேய்க்காவிட்டால் வண்ணத்தின் கீழ் அம்மைத் தழும்பாகத் தெரியும்.

வண்ணத்துக்குப் பின் கருப்பு வாஷ் (நீர்த்த வண்ணம்) ஊற்றி எல்லாப் புள்ளிகளையும் எடுத்துக்காட்டும் வழக்கம் எனக்கு ஒப்பவில்லை. அடிநிறத்தைவிட ஒரு படி அடர்ந்த சாம்பல் போதுமானது. ஹெலிகாப்டரின் அதிர்வில் தளர்ந்த ரிவெட் தகட்டோடு உராய்ந்து, கரிய பொடியைக் காற்றோட்டத்தின் திசையில் கோடாக இழுத்திருக்கும். அப்படிப்பட்ட இடங்களைப் படத்தில் உறுதிசெய்துகொண்டு, வாலின் சில வரிசைகளில் மட்டும் எண்ணெய் வண்ணத்தால் காட்டலாம். கப்பல் தளத்தில் உப்புக்காற்றில் நிற்கும் சீ கிங்கில் தலைகளின் உச்சியில் வண்ணம் உதிர்வதும் உண்டு. அதை நுண்தூரிகையால் ஒவ்வொன்றாகத் தொட வேண்டும், வண்ணத்தைப் பெரும்பாலும் துடைத்தெடுத்த உலர்தூரிகையால் மொத்தமாகத் தடவினால் எல்லாத் தலைகளும் ஒரே வயதில் தேய்ந்ததுபோல் ஆகிவிடும். இடப்பக்கத்தின் அலுமினியத் தகடுகள் ஒட்டி முடிந்துவிட்டன. வயிற்றின் வளைவில் நாடா சுருங்காமல் படிய, அங்கே மட்டும் தகட்டை இன்னும் குறுகலான துண்டுகளாகப் பிரித்துக்கொண்டிருக்கிறேன்.