சுரங்க நிலத்தில் மாடு மேயும் வரை

திறந்தவெளிச் சுரங்கம் ஒன்றில் தோண்டி முடித்த பகுதிகளை மறுபடி மேய்ச்சல் நிலமாக்கும் வேலை என் பொறுப்புக்கு வந்தது. "என்ன புல் விதைக்கப் போறீங்க?" என்றுதான் பார்ப்பவர்கள் எல்லாம் கேட்டார்கள். விதைப்புக்கு வெகு முன்பே பாதிக் காரியம் முடிவாகிவிடுகிறது என்பது இதில் இறங்கியவர்களுக்குத்தான் தெரியும்.

முதலில் மேல்மண். தோண்டும் முன்பே அதைத் தனியாகச் சுரண்டி எடுக்க வேண்டும், அடிமண்ணோடு கலக்கக் கூடாது. உயரமாகக் குவித்து மாதக்கணக்கில் விட்டால் உள்ளே காற்று புகாமல், செடியின் வேரோடு ஒட்டி வாழ்ந்து அதற்கு உதவும் வேர்ப்பூஞ்சைகள் சாகும், மண்ணிலிருக்கும் விதைகளும் முளைப்புத்திறனை இழக்கும். அதனால் ஒரு பக்கம் சுரண்டிய மண்ணை, மூடி முடித்த இன்னொரு பக்கத்தில் உடனே பரப்பிவிடுவதே நல்லது. அதற்கு வழியில்லாதபோது குவியலை இரண்டு மூன்று மீட்டருக்கு மேல் ஏற விடாமல், சீக்கிரம் முளைக்கும் புல்லைத் தூவி வைத்தோம். தாழ்வான குவியல் இடத்தை அடைக்கும் என்று உற்பத்திப் பிரிவினர் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்கள். அவர்கள் கவலை அவர்களுக்கு.

குழியை நிரப்பும் பாறைக் கழிவையும் சோதித்தாக வேண்டும். அதில் பைரைட் என்ற, இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம் இருந்தால் காற்றும் நீரும் பட்டு அமிலமாகும், அதன் மேல் எந்தப் புல்லும் நிலைக்காது. கழிவில் பைரைட்டாக இருக்கும் கந்தகம் 1 சதவீதம் என்றால், அந்த அமிலத்தை முறிக்க ஆயிரம் டன் கழிவுக்கு 31.25 டன் சுண்ணாம்புக்கல் தேவைப்படும் என்பது கணக்கு. அவ்வளவு சுண்ணாம்பைக் கொட்டுவதைவிட, அந்தப் பாறையை அடையாளம் கண்டு ஆழத்தில் புதைப்பது பல இடங்களில் மலிவு.

என்னை அதிகம் படுத்தியது மண் இறுக்கம். மேடு பள்ளம் இல்லாமல், இஸ்திரி போட்டதுபோல் நிலத்தைச் சமப்படுத்திக் கொடுத்தால் பார்க்க அழகாக இருக்கும், மேலதிகாரிகளும் பாராட்டுவார்கள். ஆனால் மண் தள்ளும் டோசரும் மண் சுமக்கும் டம்பரும் திரும்பத் திரும்ப ஓடிய மண்ணில் வேர் இறங்காது, மழைநீரும் இறங்காது. களிமண் பாங்கான நிலத்தில் மண்ணின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு சுமார் 1.5 கிராமை எட்டினாலே வேர் திணறும். மேல்மண் பரப்பும்போது வண்டிகளை ஒரே தடத்தில் ஓட்டச் சொன்னோம். அப்புறம் டோசரின் பின்னால் இருக்கும் ரிப்பரை, அதாவது மண்ணை ஆழமாகக் கிழிக்கும் கொம்பை, சரிவுக்குக் குறுக்கே, சம உயரக்கோட்டில் இழுத்தோம். இதை மண் காய்ந்திருக்கும்போதுதான் செய்ய வேண்டும். ஈர மண்ணில் ரிப்பர் வெண்ணெயில் கத்தி போவதுபோல் ஒரு கீறல் மட்டும் போட்டுவிட்டுப் போகும், பக்கத்து மண் உடையாது. கரடுமுரடாக விட்ட நிலத்தைப் பார்த்து, "வேலை முடியலையா?" என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லியே அலுத்துவிட்டது.

விதைப்பு இதற்கெல்லாம் பிறகு வரும் எளிய வேலை. கொழுக்கட்டைப் புல்லோடு முயல் மசாலைக் கலந்து விதைத்தோம். முன்னது வறட்சி தாங்கும், பின்னது சத்தில்லாத மண்ணிலும் வந்து தழைச்சத்தைச் சேர்க்கும்.

இதற்கிடையில் பக்கத்துக் குழியில் வெட்டு வேலை நடந்துகொண்டே இருந்தது. புழுதி என்றதும் எல்லோரும் வெடியைத்தான் சொல்வார்கள். உண்மையில் டம்பர் ஓடும் மண்சாலைதான் பெரும்பங்கு கிளப்புகிறது. டேங்கர் தண்ணீரை ஒரேயடியாகக் கொட்டினால் சாலை சேறாகி வண்டி வழுக்கும். கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி தெளிப்பதும், வேகத்தைக் குறைப்பதும், நொறுங்காத கெட்டிக் கல்லால் சாலையின் மேற்பரப்பைப் போடுவதும் சேர்ந்தால்தான் பலன். மக்னீசியம் குளோரைடு தெளித்தால் அது காற்றின் ஈரத்தை இழுத்து மண்ணைப் பிடித்துவைக்கும், தண்ணீர்ச் செலவு குறையும். ஆனால் காற்று மிகவும் வறண்ட நாளில் அது உதவாது. மழையில் கரைந்து ஓரத்துப் புல்லுக்குள் இறங்கும் என்பதால், விதைத்த நிலத்தை ஒட்டிய சாலையில் நான் அதை அனுமதிக்கவில்லை. வெடி வைக்கத் துளை போடுவதை, தண்ணீர் விட்டுக்கொண்டே போடும் ஈரத்துளையாக மாற்றச் சொல்லிப் பிடிவாதமாக நின்றேன். கண்ணுக்குத் தெரியும் புழுதி தொண்டையோடு நிற்கும். நுரையீரலின் ஆழம் வரை போய்ச் சேர்வது, பாறையைத் துளைக்கும்போது பறக்கும், கண்ணுக்குத் தெரியாத சிலிக்காத் துகள்.

நிலம் பச்சை கட்டியதும் "மாட்டை விடலாமே" என்ற நச்சரிப்பு தொடங்கும். மாடு கடித்து இழுப்பதுபோல் புல்லைக் கையால் பிடுங்கிப் பார்ப்பேன். வேரோடு வந்தால் வேலிக்கதவு திறக்காது. இலை மட்டும் அறுந்து வந்தால் சரி, கொஞ்ச மாடுகளை, கொஞ்ச நாளைக்கு, மண் காய்ந்திருக்கும்போது விடலாம். ஈர மண்ணில் குளம்பு பட்டால் ரிப்பர் போட்ட உழைப்பெல்லாம் வீண். அப்புறம் அடுத்த பகுதிக்கு ஓட்டிவிட்டு, மேய்ந்த இடத்துக்கு ஓய்வு.

தீவனத்தையும் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். சில சுரங்க மண்ணில் மாலிப்டினம் என்ற உலோகம் அதிகம். தீவனத்தில் தாமிரம் அதைப்போல் இரண்டு மடங்குகூட இல்லை என்றால் மாட்டுக்குத் தாமிரக் குறை வரும், கழிச்சல் கண்டு மயிர் நிறம் வெளுக்கும். சுரங்க நீரின் வண்டல் படியவிடும் குளத்து நீரில் சல்ஃபேட் கூடினாலும் இதே தொல்லைதான். குளத்துக்கு வேலி போட்டு, சோதித்த நீரைத் தொட்டியில் விட்டோம். தொட்டியை மேய்ச்சல் குறைவாக நடக்கும் மூலையில் வைத்ததில், மாடுகள் ஒரே இடத்தை மொட்டையடிப்பதும் நின்றது.