பரங்கிமலைப் படிகளில் ஒரு தவக்கால வெள்ளி

சிலுவைப்பாதைக்காகப் படியேறும் 60 பேர் இருவர் இருவராக, படிக்கு ஒரு வரிசை என்று நின்றால் 30 படி. முன்னால் போகிறவரின் குதிகாலை மிதிக்காதபடி ஒரு படி இடைவெளி விட்டால் 60 படி. சென்னைப் பரங்கிமலையில் அடிவாரத்திலிருந்து கோயில் முற்றம் வரை இருப்பதே சுமார் 135 படிகள்தான். இயேசுவின் பாடுகளை இடத்துக்கு இடம் நின்று தியானிக்கும் சிலுவைப்பாதையின் 14 நிலைகளும் அந்தப் படிவரிசையை ஒட்டியே வருகின்றன. ஆக, பங்குக் கோயிலிலிருந்து வந்த 60 பேரும் ஒரே கூட்டமாக ஏறினால், சிலுவையைச் சுமப்பவர் ஐந்தாறு நிலை மேலே போன பிறகுதான் கடைசி ஆள் முதல் படியில் கால் வைப்பார். அவருக்குச் செபமும் கேட்காது, பாட்டும் கேட்காது. மேலே எல்லாரும் முழந்தாளிடும்போது கீழே நாலு பேர் வீட்டுக் கதை பேசிக்கொண்டு நிற்பார்கள். அவர்களைக் கடிந்து பயனில்லை. கூட்டிக்கொண்டு வந்த முறையில்தான் தவறு.

20, 25 பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்துவிடுங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் செபம் வாசிக்க ஒருவர், பாட்டு எடுக்க ஒருவர், கடைசியில் நடக்க ஒருவர். அந்தக் கடைசி ஆள் கை தூக்கிக் காட்டினால் மட்டுமே அடுத்த நிலையைத் தொடங்க வேண்டும். முதல் குழு மூன்றாம் நிலையை முடித்த பிறகு இரண்டாம் குழு புறப்பட்டால் ஒன்றின் சத்தம் மற்றதில் விழாது. அன்பியங்கள் (அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் சிறு குழுக்கள்) நன்றாக நடக்கும் பங்கில் இந்தப் பிரிவினைக்கு மெனக்கெடவே வேண்டாம். இரண்டு அன்பியம் ஒரு குழு. ஒருவரையொருவர் தெரிந்தவர்கள் என்பதால் யார் பின்தங்கினார் என்பதும் உடனே தெரியும்.

புறநகர் ரயிலும் மெட்ரோவும் பரங்கிமலைக்கே வருகின்றன. நிலையத்திலிருந்து அடிவாரத்துக்கு ஆட்டோ பிடிக்கும்போது ‘படிக்கட்டு வழி’ என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் வண்டிப் பாதையில் நேரே கோயில் வாசலில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். மலையின் வடக்கு அடிவாரத்தில் 1547 என்று ஆண்டு பொறித்த சிலுவையோடு ஒரு நுழைவாயில் நிற்கிறது. குழு கூட வேண்டிய இடம் அது.

மலையில் கல்லில் செதுக்கிய பழஞ்சிலுவையைக் கண்டெடுத்த ஆண்டுதான் 1547. அதைச் சுற்றிப் பஹ்லவி என்ற பழம் பாரசீக எழுத்து ஓடுகிறது. இயேசுவின் சீடர் புனித தோமாவே செதுக்கியது என்பதும், கி.பி. 72-இல் அவர் இந்த மலையில் வேதசாட்சியாக உயிர்விட்டார் என்பதும் மரபு. 1558 டிசம்பர் 18 அன்று திருப்பலி நேரத்தில் அந்தச் சிலுவை வியர்த்ததாகச் சொல்லப்படுகிறது. இன்றைக்கு அது கோயிலின் பலிபீடத்துக்குப் பின்சுவரில் இருக்கிறது. படிகளை அமைத்தவர் ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான். சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் 1726-இல் மர்மலாங் பாலம் கட்டியவரும் அவர்தான். பாலமும் படியும் சேர்ந்ததால்தான் வடக்கே இருந்தவர்களுக்கு மலைக்கோயில் எட்டும் தூரத்துக்கு வந்தது. இதைப் பிள்ளைகளுக்கு அடிவாரத்திலேயே சொல்லிவிட வேண்டும். ஏறத் தொடங்கிய பிறகு கதைக்கு இடமில்லை.

பயணத்துக்கான வேலை பங்கில், தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்றே தொடங்கிவிடுகிறது. வருடத்தில் கோயில் நிரம்பி வழியும் நாட்களில் அது ஒன்று. அன்றைக்கு அறிவித்தால் எல்லார் காதிலும் விழும். (அந்தச் சாம்பலைப் பற்றி ஒரு வார்த்தை: போன வருடத்துக் குருத்தோலையை நன்றாகக் காயவைத்து எரித்து, மெல்லிய துணியில் சலித்து, உலர்வாகவே பூசுவதே நல்லது. நெற்றியில் ஒட்ட வேண்டும் என்று தண்ணீர் விட்டுக் குழைத்து வைத்தால் சாம்பலின் காரம் தண்ணீரில் இறங்கி, பிள்ளைகளின் நெற்றி எரிந்து சிவந்துபோகும். ஒட்டத்தான் வேண்டுமென்றால் இரண்டு துளி எண்ணெய் போதும்.)

பெரிய வெள்ளியைச் சேர்க்காமல் தவக்காலத்தில் 6 வெள்ளிகள். மலைக்கு மூன்றாவது, நான்காவது வெள்ளி பொருத்தம். அதற்குள் பங்கில் சிலுவைப்பாதை இரண்டு மூன்று முறை சொல்லிப் பழகியிருப்பார்கள். ‘திவ்விய இயேசுவே, உம்மை ஆராதித்து வணங்கி உமக்கு நன்றி கூறுகிறோம்’ என்று ஒருவர் எடுத்தால், ‘ஏனென்றால் உம்முடைய பாரமான சிலுவையைக் கொண்டு உலகத்தை மீட்டீரே’ என்ற பதில் புத்தகம் பார்க்காமலேயே வரும். படியேறும்போது இது பெரிய உதவி. ஒரு கையில் புத்தகம், ஒரு கையில் தண்ணீர் பாட்டில் என்றால் விழப்போகும்போது பிடித்துக்கொள்ளக் கையே இருக்காது. அந்த வெள்ளி மார்ச் 19-ஆகவோ 25-ஆகவோ அமைந்தால், புனித சூசையப்பர் பெருவிழா அல்லது மங்கள வார்த்தைப் பெருவிழா: மேலே திருப்பலிக்கு ஊதாவுக்குப் பதில் வெள்ளை உடை, ‘உன்னதங்களிலே’ என்ற புகழ்ப்பாட்டு உண்டு, புலால் மறுப்புக் கடன் இல்லை. அல்லேலூயா மட்டும் அன்றைக்கும் கிடையாது. பாடகர் குழுக்கள் தவறாமல் சறுக்கும் இடம் இது.

சிலுவை. ஏழடி நெடுஞ்சட்டம், நாலடி குறுக்குச்சட்டம், மூன்று அங்குலச் சதுரத் தேக்கு என்றால் 12, 13 கிலோ வரும். ‘பெரிதாக இருக்கட்டும்’ என்று நாலு அங்குலத்தில் செய்தால் 22 கிலோவுக்குப் போய்விடும். ஓர் அங்குலம்தான் கூடியது, எடை ஏறக்குறைய இரட்டிப்பு. சமதளத்தில் 22 கிலோவைச் சமாளிக்கலாம், படியில் முடியாது. தோளில் வைத்து ஏறும்போது சிலுவையின் அடிமுனை பின்னால் ஒவ்வொரு படியின் விளிம்பிலும் மாட்டும். மாட்டுகிற ஒவ்வொரு முறையும் சுமப்பவரைப் பின்னோக்கி இழுக்கும். முன்வளைந்து இழுத்தால் மரம் விடுபட்டு முதுகில் மோதும். அதனால் முதல் படியிலிருந்தே ஒருவர் பின்னால் நின்று அடிமுனையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். ஐந்தாம் நிலையில், இயேசுவுக்குச் சிலுவை சுமக்க உதவிய சீரேனே ஊர் சீமோனைப் பற்றி வாசிக்கும்போது, அடிமுனையைப் பிடித்த அந்த ஆள் நாலு நிலையாக மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பதை எல்லாரும் பார்க்கிறார்கள். அந்த நிலைக்கு நீளமான சிந்தனை எழுதி வர வேண்டாம்.

மற்ற நிலைகளுக்கும் அப்படித்தான். அன்பியத்துக்கு ஒரு நிலை என்று கொடுத்தால் ஒவ்வொருவரும் ஒரு பக்கம் எழுதி வருகிறார்கள். விலைவாசி, குடி, கைப்பேசி எல்லாம் வந்துவிடும். கோயிலுக்குள் உட்கார்ந்து கேட்பவர் பொறுத்துக்கொள்வார். சாய்ந்த படியில் ஒரு காலை மேலும் ஒரு காலைக் கீழுமாக வைத்து நிற்பவருக்கு இரண்டு நிமிடத்தில் முழங்கால் நடுங்கும். எட்டு வரி போதும். ஒரு நிலைக்கு மொத்தம் நாலு நிமிடம்: அறிவிப்பு, வணக்கம், சிந்தனை, கர்த்தர் கற்பித்த செபம், அருள்நிறைந்த மரியே, திரித்துவப் புகழ், ‘எங்கள் பேரில் தயவாயிரும் சுவாமி’, நடப்பதற்கு ஒரு கண்ணி பாட்டு. 14 நிலைக்கு 56 நிமிடம். ஏறும் நேரமும் சேர்த்து ஒன்றேகால் மணி.

மாலை 5 மணிக்குத் தொடங்கினால் 6.20-க்குப் பொழுது சாயும் முன் மேலே போய்விடலாம். நாலு மணிக்கே தொடங்கும் குழுக்கள் வெறுங்காலோடு கல்லின் சூட்டில் தவிக்கின்றன. பங்குனி வெயில் குடித்த கல் அத்தனை சீக்கிரம் ஆறுவதில்லை. வெறுங்காலோடு ஏறுவதாக நேர்ந்துகொண்டவர்களுக்கு விடியற்காலை 5.30-தான் உகந்த நேரம். கையில் மெழுகுதிரி வேண்டாம். காற்று அணைத்துவிடும் என்பதைவிட, கல்லில் சொட்டிய மெழுகு பின்னால் வருகிறவரை வழுக்கிவிடும் என்பதே பெரிய காரணம். நோன்பு இருந்து ஏறுகிறவர்கள் தண்ணீர் குடிக்கலாம், நோன்பு முறியாது. சட்டப்படி நோன்பு நாட்கள் திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் மட்டுமே, அதுவும் 18 வயது நிறைந்ததிலிருந்து 59 நிறையும் வரை. சர்க்கரை நோய்க்கு ஊசி போடுகிற அறுபத்தைந்து வயது அம்மாவைப் பட்டினியோடு படியேற விடுவதைப் பக்தி என்று சொல்ல மாட்டோம்.

செபத்தை நிறுத்த வேண்டிய ஒரு சமயம் உண்டு: விமானம். மீனம்பாக்கம் பக்கத்திலேயே இருப்பதால் இரைச்சல் வந்துகொண்டே இருக்கும். கை ஒலிபெருக்கியில் கத்திப் பார்த்தும் பயனில்லை. இரைச்சல் போகும்வரை மௌனமாக நிற்பதே சரி. பன்னிரண்டாம் நிலையில், இயேசு உயிர்விட்டதும் முழந்தாளிடும் நேரத்தில் அப்படி ஒரு மௌனம் வாய்த்தால் யாரும் அவசரப்படுத்தாதீர்கள்.

ஏற முடியாதவர்களை வண்டிப் பாதையில் மேலே அனுப்பிவிடலாம். அவர்கள் கோயிலுக்குள் திருப்பாடுகளை வாசித்துக்கொண்டிருக்கட்டும். நியாயமான தடை உள்ளவர்களுக்கு அதுவே சிலுவைப்பாதையின் பரிபூரண பலனை (பாவத்துக்குரிய தண்டனையிலிருந்து திருச்சபை அளிக்கும் முழு விடுதலையை) தரும். அதற்குரிய பாவசங்கீர்த்தனம், நற்கருணை, திருத்தந்தையின் கருத்துக்காகச் செபம் ஆகியவை எல்லாருக்கும் பொது. படியில் நெரிசலாக இருந்தால் செபம் நடத்துகிறவர் மட்டும் நிலைக்கு நிலை நகர்ந்தாலும் பலன் உண்டு. இதை முன்கூட்டியே சொன்னால் முட்டி மோதி முன்னே வருவது பாதியாகக் குறையும்.

மேலே கோயில் சிறியது. திருப்பலி வைக்க வேண்டுமானால் திருத்தல அலுவலகத்தில் சில வாரம் முன்பே நேரம் கேட்டு வைக்க வேண்டும். இரண்டு பங்குகள் ஒரே நேரத்துக்கு வந்துவிட்டால் ஒன்று முற்றத்தில் காத்திருக்க நேரும். காத்திருப்பவர்கள் முற்றத்தில் வில்லியம் லாம்டனின் சிலையைப் பார்க்கலாம். இந்தியாவை அளக்கும் மாபெரும் முக்கோண அளவைக்கு அடிக்கோட்டை அவர் இந்த மலையருகே 1802 ஏப்ரல் 10 அன்று அளக்கத் தொடங்கினார். அந்த வருடம் அது குருத்து ஞாயிற்றுக்கு முந்தைய சனிக்கிழமை.

இறங்குவதைத்தான் யாரும் திட்டமிடுவதில்லை. ஏறும்போது நெஞ்சு வாங்கும், இறங்கும்போது முழங்கால். இருட்டிய பிறகு 135 படி இறங்குவது வயதானவர்களுக்கு வேண்டாம். ஏற்றிவிட்ட வண்டியிலேயே அவர்களை இறக்குங்கள். மற்றவர்கள் மறுபடியும் அதே குழுக்களாக, பிள்ளைகளைச் சுவரோரம் விட்டு இறங்கலாம். சிலுவை தோளில் வேண்டாம். இருவர் முன்னும் பின்னுமாகப் பிடித்து, அடிமுனை முன்னால் வரும்படி கொண்டுவர வேண்டும். நுழைவாயிலுக்கு வந்ததும் ஒவ்வொரு குழுவின் கடைசி ஆளும் எண்ணிக்கை சொல்ல வேண்டும். எண்ணிக்கை சரியான பிறகு சிலுவையை வண்டியில் ஏற்றுங்கள்.